உட்கார வைத்த ஆட்டம்

மலையடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுப்பதும் நான்தான். யாராவது விழுந்து அடிபட்டால் பார்ப்பதும் நான்தான். காயத்தைக் கவனிப்பதற்கென்று தனியாக ஓர் ஆள் எங்களைப் போன்ற பள்ளிகளில் கிடையாது. என் பையில் ஐஸ் டப்பாவும் வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் பேண்டேஜ் துணியும் இருக்கும். ஒரு முறை மூன்று நாள் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் படித்த வைத்தியம் அவ்வளவுதான்.

ஜெயிக்க வேண்டும் என்று தவிக்கிற ஆளே, இந்தப் பிள்ளையை இனி ஆட விடலாமா என்றும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதிலுள்ள சங்கடம் கள்ளக்குறிச்சியில் நடந்த ஓர் இறுதிப் போட்டியில்தான் எனக்கு உறைத்தது.

அந்த வருஷம் எங்கள் அணியில் எதிரணிப் பக்கம் பாடிப் போவதற்கு ஒருத்தி இருந்தாள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரி. விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படித்தாள். அவள் அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்து, கயிற்றுக்கு வெளியே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

இரண்டாம் பாதியில் ஒன்பது நிமிடம் மிச்சமிருந்தது. நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். பாடிப் போனவளை எதிரணியில் மூன்று பேர் சேர்ந்து தூக்கிப் பிடித்தார்கள். விழும்போது அவள் பின்னந்தலை தரையில் மோதியது. மேட் விரித்திருந்தும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. உடனே எழுந்துவிட்டாள். சிரிக்கவும் செய்தாள். ஆனால் எங்கள் பக்கம் வராமல் எதிரணி பெஞ்சைப் பார்த்து நடந்தாள்.

நடுவரிடம் டைம் அவுட் கேட்டுக்கொண்டு ஓடினேன்.

“காலைல இன்னா சாப்ட்ட?”

“இட்லி, டீச்சர்.”

நாங்கள் எல்லோரும் ஒரே ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டிருந்தோம்.

“நம்ம பாயிண்ட் இப்ப எத்தினி?”

யோசித்தாள். “நமக்குத்தான ஜாஸ்தி?”

“எத்தினின்னு சொல்லு.”

“எனக்கு ஒண்ணியும் இல்ல டீச்சர். வுடுங்க. அப்பா பாத்துக்கினு இருக்காரு.”

தலையில் அடிபட்டுத் தடுமாறுகிற பிள்ளையைத் திரும்ப ஆட அனுப்பக் கூடாது, சந்தேகம் இருந்தாலே அனுப்பக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது நினைவிருந்தும் நான் ஸ்கோர் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்பது நிமிடம்தானே என்று தோன்றியது. பிறகு அவளை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டு, அவள் திரும்ப இறங்க வேண்டிய முறையில் வேறொருத்தியை அனுப்பினேன்.

இரண்டு புள்ளியில் தோற்றோம்.

அவள் பனியனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா கயிற்றைத் தாண்டி வந்தார்.

“இன்னாங்க டீச்சர், புள்ள நல்லாத்தான நிக்குது?”

“நிக்கிறத வெச்சு சொல்ல முடியாதுங்க. தலையில அடி. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், நீங்களும் வாங்க.”

மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். அதில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் மூளை குலுங்கியிருக்கிறது, ஸ்கேனில் அது தெரியாது, தலைவலி முழுசாகப் போகும்வரை ஆடக் கூடாது என்று டாக்டர் சொன்னார்.

பள்ளியில் தலைமை ஆசிரியருக்கு ஸ்கேன் மட்டும்தான் காதில் ஏறியது. “அதான் ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே. ஒம்போது நிமிஷம் வுட்டிருந்தா கப்பு நம்மளுது” என்றார். நடக்காமல் போன ஒன்றுக்கு நான் எதை அத்தாட்சியாகக் காட்டுவது?

அவளும் என்னோடு பேசவில்லை. புத்தகத்தைத் திறந்தால் தலை வலிக்கிறது என்று மற்றப் பிள்ளைகள்தான் வந்து சொன்னார்கள். மாலையில் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருப்பாள். வலி நின்றதும் டாக்டர் சொன்னபடி முதலில் நடக்க விட்டேன். மூன்றாவது வாரம் மெதுவாக ஓடச் சொன்னேன். இரண்டு சுற்று ஓடியவள் நின்று, நேராக என்னிடம் வந்தாள்.

“டீச்சர், மறுபடியும் வலிக்குது.”

நான் கேட்காமல் அவளாக வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. ஆட்டம் போய்விடும் என்று பயந்து வலியை மறைக்கிற பிள்ளைகளைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஆறாவது வாரம் பாடிப் போனாள்.

இப்போதெல்லாம் போட்டிக்குப் போகும்போது அறிவியல் ஆசிரியையையும் கூட்டிப் போகிறேன். அதே முதலுதவிப் பயிற்சிக்கு அவரும் போய் வந்தார். கபடி விதிகள் அவருக்குத் தெரியாது. யாருக்குப் புள்ளி அதிகம் என்றும் பெரும்பாலும் தெரியாது. அடிபட்ட பிள்ளை ஆடலாமா கூடாதா என்று அவர்தான் சொல்வார். போன மாதம் அரையிறுதியில் எங்கள் நல்ல ஆட்டக்காரி ஒருத்தியைக் கணுக்கால் வீக்கத்துக்காக வெளியே எடுக்கச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் எடுத்துவிட்டேன்.