பத்தியத்துக்கு வாள்மீன்

பாலேந்திரன் உறைந்து கிடந்த வாள்மீன் துண்டின் தோலைக் கத்தி நுனியால் நெம்பி உரித்துக்கொண்டிருந்தார். அகதியாக வந்த புதிதில் நோர்வேயின் வடக்கே, மீன் ஆலையில் பல வருடம் கோட் மீன் வெட்டிய கை அது. ஆனால் இந்த மீனை அவர் முழுதாகக் கண்டதில்லை.

மகள் மயூராவுக்குப் பிள்ளை பிறந்து இரண்டு கிழமை. பால் ஊறுவதற்குச் சுறா கொடுப்பது ஊர் வழக்கம். மல்லி, மிளகு வறுத்து, உள்ளி சேர்த்து அரைத்த சரக்கில் வைக்க வேண்டும். மனைவி வசந்தமலர் இருந்திருந்தால் வைத்திருப்பாள். அவள் காலமான பிறகு அவர் ஒஸ்லோவில் ஓரறை வீட்டில் தனியே இருக்கிறார். மாணவர்கள் வீட்டுக்குப் போன பின் பள்ளிக்கூடம் துப்புரவாக்கும் வேலை. அங்கே வாயைத் திறக்கத் தேவையில்லை.

காலையில் தமிழ்க் கடைக்குப் போனபோது சுறா முடிந்துவிட்டிருந்தது. கடைக்கார வின்சென்ற் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டபடி, "வாள்மீன் எடுங்கோ அண்ணை. அதுவும் முள்ளில்லாத இறுக்கமான சதை," என்றார்.

"வாள் எங்கை?"

"வாளையும் தந்தால் நீங்கள் பஸ்ஸிலை போகேலுமோ? அதாலை கணவாயைக் கீறிப்போட்டுத்தான் தின்னும். கூட்டம் சேராது. தனிச்சுத் திரியிற சாமான்."

கறி வைத்து முடிந்ததும் சட்டியைத் துவாயால் சுற்றிப் பைக்குள் வைத்தார். அடியில் இரண்டு சேட்டும் இரவில் உடுக்க ஒரு சாரமும் இருந்தன. வேலையில் விடுப்பும் எடுத்திருந்தார். நில்லுங்கோ என்று மகள் ஒரு சொல் சொன்னால் போதும்.

ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் மகள் வீட்டுக் குசினி சூடாக இருந்தது. மயூரா மூடியைத் திறந்து மணந்தாள்.

"அம்மா வைச்ச மாதிரியே இருக்கு. சுறாவோ?"

"கிடைக்கேல்லை. வாள்மீன்."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா, ரெண்டுமே கூடாதாம். வீட்டுக்கு வந்த தாதி சொன்னவ. பெரிய மீன் மற்ற மீனெல்லாத்தையும் தின்னேக்கை அதுகளிலை இருக்கிற பாதரசமும் இதுக்குள்ளை சேருமாம். பாலிலை பிள்ளைக்கும் போய் மூளையைத் தாக்குமாம்."

"கொம்மா சுறா திண்டுதான் உனக்குப் பால் தந்தவள்."

"அதுதான் எனக்குக் கணக்கு ஓடாததோ?"

இருவரும் சிரித்தார்கள். மயூரா சட்டியை மூடி ஓரமாக நகர்த்தினாள்.

"இவர் வந்து சாப்பிடட்டும். மேலறையிலை இவரின்ரை அம்மாவுக்குக் கட்டில் போட்டாச்சு. நாளைக்கு ஸ்தவாங்கரிலையிருந்து வாறா. சமையலை அவ பாப்பா."

பாலேந்திரன் துவாயை மடித்தார். விரித்தார். திரும்பவும் மடித்தார்.

"நான் சோபாவிலை படுப்பன். சின்ன மீனா வாங்கி வைச்சுத் தரலாம். உள்ளி உரிக்கவும் ஆள் வேணும்தானே. ரெண்டு கிழமை நிக்கட்டோ, மயூரா?"

மேலே பிள்ளை அழுதது. மயூரா கையைத் துடைத்தாள். பையிலிருந்து சாரத்தின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒருதரம் பார்த்துவிட்டுக் குசினியிலிருந்து வெளியே போனாள்.