கோழி எருக் கடைக்கு மேலே ஒரு வீடு

அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலையை விட்டு நின்றதும், லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அதில் தவறு ஒன்றும் இல்லை. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். கொழுந்து எடுக்க ஒரு கை இருக்கும்வரை குடும்பம் அதில் இருக்கலாம். எங்கள் வீட்டில் கடைசிக் கை அம்மாவுடையது. நான் திரிங்காப்பில் ஒரு பூத்தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். என் கணவர் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டினார். அம்மா ஈப்போவில் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். எங்கள் இருவருக்கும் மூன்று மாதத்துக்குள் ஒரு வாடகை வீடு வேண்டும்.

நான்கு தலைமுறையாக இந்த மலையில் இருக்கிறோம். ஆனாலும் டவுனில் வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம், "எங்கேர்ந்து வந்தீங்க?" என்றுதான் ஆரம்பித்தார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்வேன். "அது சரி, அதுக்கு முன்னாடி?" என்பார்கள். அதற்கு முன்னால் எங்கே இருந்தோம் என்று எனக்கே தெரியாது.

வாடகை எங்கள் கைக்கு எட்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கோரிக்கை இல்லை. என் கணவருக்கு ஒன்று இருந்தது. "எல்லாரும் கலந்து இருக்கிற எடமா பாக்கணும். ஒரே மாதிரி ஆளுங்க இருக்கிற எடத்துல நம்மதான் தனியா தெரிவோம். நாலு விதமா இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க" என்றார்.

முதலில் ரிங்லெட்டில் தேடினோம். என் கணவருக்குச் சீனம் நன்றாக வரும். பதினைந்து வருடம் காய்கறித் தோட்டக்காரர்களோடு கோஸ் கூடை ஏற்றி இறக்கிக் கற்றுக்கொண்டது. விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்து அவர் சீனத்தில் பேசினால், மறுமுனையில் அப்படி ஒரு வரவேற்பு. வாருங்கள், இன்றைக்கே வாருங்கள், சாவி தயார். ஒரு வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றுகூடச் சொன்னாராம்.

அந்த வீட்டுக்குத்தான் முதலில் போனோம். வீட்டுக்காரர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். போன் பண்ணியவர் எங்கே என்று கேட்டார். நான்தான் என்று என் கணவர் சீனத்திலேயே சொன்னார். இல்லை, அவர் சீனர் என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து அந்த எண்ணை அழைத்தார். என் கணவரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

இதற்குமேல் அந்த மனிதர் என்ன செய்வார்? போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. என் கணவரும் என்ன நினைத்தாரோ, தன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். இரண்டடி தூரத்தில் எதிரெதிரே நின்று, ஒருவரை ஒருவர் பார்க்காமல், இருவரும் போனில் பேசினார்கள். வீடு இப்போதுதான் வேறொருவருக்குப் போய்விட்டதாம். பரவாயில்லை என்றார் என் கணவர். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார் அவர். நன்றி சொல்லி இருவரும் போனை வைத்தார்கள். பிறகு எங்களை அப்போதுதான் பார்த்தவர்போலத் தலையை ஆட்டிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

லோரியில் ஏறியதும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் காய்கறி ஏற்றும் இடத்தில் சீனமே பேசவில்லை. தோட்டக்காரர்கள் கூப்பிட்டுப் பேசினால், புரியாதவர்போல் மலாயில் பதில் சொன்னாராம். அவர் சொல்லவில்லை. கூட இருந்த ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு திரிங்காப்பில் ஒரு வீடு காலியாக இருப்பதாக என் அலுவலகத்தில் கேள்விப்பட்டேன். சாலையோரம் ஒரு பழைய கட்டடம். கீழே உரக்கடை. மேலே இரண்டு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. முதல் மாடியில் ஒரு வீட்டில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய் அம்மா. எல்லோரும் அவரை, அத்தை என்ற பொருளில், மக்சிக் என்பார்கள். எதிர்வீட்டில் பூத்தோட்டத்தில் வேலை செய்யும் நேப்பாளிகள் ஐந்து பேர். இரண்டாம் மாடியில் எங்கள் தோட்டத்திலேயே ஒரு காலத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற தமிழர், மனைவியை இழந்தவர், கிறிஸ்தவர். அவருக்கு எதிர்வீடுதான் காலி. கட்டடம் உரக்கடைக்காரச் சீனப் பெண்மணியுடையது. "நீ சொன்ன மாதிரியே நாலு விதமும் இருக்கு" என்றேன் கணவரிடம்.

வாடகை குறைவாக இருந்ததற்குக் காரணம் படியேறும்போதே தெரிந்துவிட்டது. உரக்கடையில் கோழி எரு மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அந்த வாடை மாடிப்படியில் நமக்கு முன்னால் ஏறிப் போய்க் கதவருகே நமக்காகக் காத்திருக்கும். அங்கே இருந்த ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

வீட்டுக்கார ஆண்ட்டியோடு பேசியதெல்லாம் கடைத்தெரு மலாயில். தமிழில் எழுதுகிறேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் ஆண்ட்டி. "இந்தியன், சீனன் எல்லாம் நான் பாக்க மாட்டேன். ஆனா நீங்க மணியடிச்சு சாமி கும்புடுவீங்க. மக்சிக் என்ன சொல்வாங்களோ. அவங்கள ஒரு வார்த்த கேட்டுடுங்க."

மக்சிக்கிடம் போனோம். அவர் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். "மணிதானே, அடிங்க. எனக்கு என்ன? ஆனா எதிர்வீட்டுப் பசங்கதான் பயப்படுவாங்க."

"எதுக்கு மக்சிக்?"

மக்சிக் என் கணவரின் மீசையைப் பார்த்தார். "அப்படியே இமிகிரேஷன் ஆள் மாதிரியே இருக்காரு. இவரு படியேறினா அந்தப் பசங்க ஜன்னல் வழியா குதிச்சுடுவாங்க. அவங்க சரின்னு சொன்னா சரி."

நேப்பாளிகளிடம் போனோம். ஐந்து பேரும் தங்கள் பெர்மிட் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர்களில் மூத்தவர் மூச்சுவிட்டார். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல அண்ணன். ஆனா மேல இருக்கிற பெரியவருக்குச் சத்தம் ஆகாது. நாங்க சிரிச்சாகூடத் தரையில தட்டுவாரு. அவர்கிட்ட கேளுங்க."

கிராணி ஐயாவிடம் போகும்போது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. நம் ஆள், நம் தோட்டம். அவர் கதவைப் பாதி திறந்து, மெதுவாகப் பேசினார்.

"எனக்கு என்னம்மா இருக்கு? ஒங்க அம்மாவ எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இந்தக் கட்டடத்துல இந்தியன்னா இதுவரைக்கும் நான் ஒருத்தன்தான். நல்ல பேரு வாங்கி வச்சிருக்கேன். ரெண்டு வீடு ஆச்சுன்னா, யாரு என்ன செஞ்சாலும் 'இந்தியன் செஞ்சான்'னு ஆயிடும். ஆண்ட்டி மனசுல என்ன இருக்குன்னு கேட்டுட்டு வாங்க தம்பி."

ஆக, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். ஆண்ட்டி உரமூட்டை மேல் உட்கார்ந்து கணக்கில்லாமல் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குப் பிரச்சின?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்ல ஆண்ட்டி."

"அது எப்படி? யாருக்காச்சும் இருக்கணுமே." கொஞ்சநேரம் உண்மையாகவே யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "கறி! கறி வாசம் இருக்குல்ல? ஞாயித்துக்கெழம சாவி தரேன். வந்து சமைச்சுக் காட்டுங்க. யாரும் குறை சொல்லலன்னா வீடு உங்களுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. சமைக்கத் தெரியுமா என்று கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இது சமைத்தால் தெரியாமல் இருக்குமா என்ற பரீட்சை. வேண்டாம், போலாம் என்று கணவரின் கையைப் பிடித்தேன். அவர், "இருபது நாளுதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பையும் கேஸ் சிலிண்டர் தோம்பையும் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போனோம். போகும்போது கோழிக்கறி வைப்பதாகத்தான் இருந்தேன். அடுப்பைப் பற்றவைத்ததும் பயம் வந்துவிட்டது. கஞ்சி வைத்து, ஒரு முட்டையைப் பொரித்தேன். அதற்கும் எண்ணெய் காயும் முன்பே முட்டையை ஊற்றிவிட்டேன்.

ஆண்ட்டி மூச்சிரைக்க ஏறி வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார்.

"இது என்ன?"

"கஞ்சி, ஆண்ட்டி."

"இத எங்க வீட்டுலயும்தான் வைக்கிறோம். இத வச்சு நான் எப்படிப் பரீட்ச பண்றது? ஏமாத்தக் கூடாது. கறி வை. நல்லா காரமா வை."

வேறு வழியில்லை. என் கணவர் ஓடிப்போய்க் கோழி வாங்கிவந்தார். பட்டை, கிராம்பு, சோம்பு, கருவேப்பிலை, இரண்டு கை மிளகாய்த்தூள். கோபத்தில் சமைத்ததால் எதையும் குறைக்கவில்லை. கொதி வந்ததும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டேன். வருவது வரட்டும்.

ஆண்ட்டி கீழே கடையில் நின்று மூக்கை உயர்த்திப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. முதல் மாடிப் படியில் நின்று இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. எங்கள் வாசலுக்கே வந்து, "கறி வச்சியா இல்லையா?" என்று கேட்டார். சட்டியைக் காட்டினேன். குழப்பத்தோடு திரும்பிப் போனார். பாதிப் படியில் அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். கடையாட்கள் இருவரைக் கூப்பிட்டார்.

"எரு மூட்டைய எல்லாம் எடுத்துப் பின்னாடி கொட்டகைல போடுங்க. இப்படி இருந்தா பரீட்ச நியாயமா நடக்காது."

அவர்கள் முக்கால் மணி நேரம் மூட்டை சுமந்தார்கள். இந்தப் பெண்மணி எங்களுக்கு வீடு தர மறுக்க ஒரு சொல் போதும். அதற்குப் பதிலாகத் தன் கடையையே காலிசெய்து, தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்த்தபோது என் கோபம் எங்கோ போய்விட்டது. அவர் மேல் ஒருவித மரியாதைகூட வந்தது.

கடைசி மூட்டை போன சற்று நேரத்தில் மக்சிக்கின் அலறல் கேட்டது. "கேஸ்! கேஸ்! எல்லாரும் வெளிய போங்க!"

நேப்பாளிகள் ஐந்து பேரும் படியில் பாய்ந்து இறங்கினார்கள். கிராணி ஐயா கைலியோடு, ஒரு ஃபைலை மார்பில் அணைத்துக்கொண்டு ஓடினார். என் கணவர் கேஸ் தோம்பின் வாயை அடைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார். தூறலில், சாலையோரத்தில் எல்லோரும் நின்றோம். போகிற காய்கறி லோரிகளெல்லாம் என்ன என்று வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின.

"என்ன வாசம் வந்துச்சு மக்சிக்?" என்று என் கணவர் கேட்டார்.

மக்சிக் யோசித்தார். "வாசம்னு சொல்ல முடியாது. திடீர்னு மூச்சு விட்டா ஒரு மாதிரியா இருந்துச்சு. எப்பவும் இருக்கிற மாதிரி இல்ல. உள்ள குளுகுளுன்னு போச்சு."

"ஆமா, எங்களுக்கும்" என்றார் மூத்த நேப்பாளி. "எனக்குத் தல லேசாச் சுத்துச்சு" என்றார் கிராணி ஐயா.

ஆண்ட்டி தன் காலிக் கடையைப் பார்த்தார். பிறகு எல்லோர் முகத்தையும் பார்த்தார். "கறி வாசம்?" என்று கேட்டார்.

"எந்தக் கறி?" என்றார் மக்சிக்.

ஆண்ட்டி கடையாட்களிடம் கையை அசைத்தார். மூட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பத்துப் பன்னிரண்டு மூட்டை உள்ளே போனதும் மக்சிக் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "இப்பதான் சரியா இருக்கு" என்று சொல்லி மாடியேறினார். எனக்கு ஆண்ட்டி அங்கேயே சாவியைக் கொடுத்தார். பரீட்சை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை, சட்டியையும் கொண்டுவரச் சொன்னார். கடைவாசலில் நின்று ஒரு துண்டு கோழியைச் சாப்பிட்டுவிட்டு, உப்புக் கம்மி என்றார்.

மறுவாரமே குடிவந்தோம். பீரோவை நேப்பாளிகள்தான் தூக்கி வந்தார்கள். எருவாடை நான்காம் நாள் எங்களுக்கும் தெரியாமல் போனது. எங்கள் அலுவலகத்தில் மட்டும் என் பக்கத்து மேசைக்காரி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கிராணி ஐயா எங்களோடு பேசவே இல்லை. படியில் பார்த்தால் சுவரோடு ஒதுங்கிப் போவார். நல்ல பேருக்குப் பங்கு கேட்டு வந்தவர்கள் என்று நினைக்கிறார் போலும் என்று விட்டுவிட்டோம். ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கதவைத் தட்டினார். கையில் ஒரு சிறு கிண்ணம்.

"கறித்தூள் கொஞ்சம் இருக்குமா மா?"

கொடுத்தேன். அவர் போகவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினோரு வருஷமா இந்த வீட்டுல நான் கறி வச்சதில்லம்மா. ரொட்டி, டின் சார்டின், அவிச்ச முட்ட. யாரும் வாசம்னு ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னு. மீன் கொழம்பு சாப்புடணும்னா பஸ் ஏறி ரிங்லெட் போவேன். அன்னைக்கு ரோட்டுல நின்னப்பதான் தெரிஞ்சுது, இங்க எத வச்சாலும் யாருக்கும் தெரியாதுன்னு." கிண்ணத்தை மற்றக் கைக்கு மாற்றினார். "பதினோரு வருஷம்மா."

மீன் இருக்கிறதா, புளி கரைத்துத் தரட்டுமா என்றெல்லாம் கேட்டேன். எல்லாம் எனக்கே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரியவில்லை. கை மறந்துபோயிருந்தது. அரை மணி நேரத்தில் அவர் வீட்டுக் கதவிடுக்கில் நீலப் புகை வந்தது. எருவையும் தாண்டி, மிளகாய் கருகிய நெடி கட்டடம் முழுக்க இறங்கியது. நேப்பாளிகள் ஐந்து பேரும் இருமினார்கள். மக்சிக் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் நின்று சத்தம் போட்டார். கீழேயிருந்து ஆண்ட்டி ஓடிவந்து, நேராக என் முன்னால் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"நீதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்க்கதவு திறந்தது. கண்ணில் நீர் வழிய, கரண்டியும் கையுமாக, கிராணி ஐயா புகையிலிருந்து வெளியே வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல மற்றக் கையை உயர்த்தினார்.

"நான்தான் ஆண்ட்டி" என்றார். "நான்தான் வச்சேன்."