மாமா பெற்றோல் மிச்சம் பிடித்த கதை

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் முதல்நாள் எங்களைச் சுமந்து வரவில்லை. நாங்கள்தான் அதைத் தெகிவளையிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். விற்ற மனிதர் நல்ல கெட்டிக்காரர். எங்கள் கண்முன்னே ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். தாங்கியில் அந்த ஒரு உதைக்கு மட்டும் போதுமான பெற்றோலை விட்டிருந்தார் என்பது பெருந்தெருவான காலி வீதிக்கு ஏறிய பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா வேலைக்குத் தனியாகப் போய்வர ஏதாவது வாங்கியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அம்மா. வாங்கி வந்ததைப் பார்த்ததும், யார் இதை வாங்கச் சொன்னது என்று கேட்டவரும் அவரேதான்.

வழியில் அப்பா தாங்கி நிறையப் பெற்றோல் அடித்தார். ஆனாலும் நல்ல நேரம் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்று மிச்ச வழியும் தள்ளியே வந்தோம். மறுநாள் ஞாயிறு காலை ஒன்பதரைக்குச் சுபநேரம். அதற்குள் சைக்கிளை முழுதாகப் பரிசோதிக்கும் பொறுப்பு மாமாவிடம் வந்தது.

மாமா அம்மாவின் அண்ணா. கனடாவில் இருந்த மகனிடம் போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து, எங்கள் வீட்டில் விசாவுக்குக் காத்திருந்தார். பொலிஸில் பதிந்தாயிற்று. ஆனாலும் கேற்றைத் தாண்டக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. வடக்கிலிருந்து புதிதாக வந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்பது பிடித்தவர்களுக்கே தெரியாத காலம். தெருவிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும் முகப்பிலேயே ஆமிக்காரரின் காவலரண் இருந்தது. பத்து நாளாக வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த மாமாவுக்கு அந்தச் சைக்கிள் வந்தது பேரன் பிறந்ததுபோல இருந்தது.

டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். செயினைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சின் ஒயிலை விரலில் தொட்டு மணந்தார், பிறகு அதை என் மூக்குக்கும் நீட்டினார். பிளக்கைக் கழற்றி, அம்மா மீன் வெட்டும் கத்தியால் கரி சுரண்டினார். அதற்காக அம்மாவிடம் வாங்கிக் கட்டியும் கொண்டார்.

“எஞ்சின் சிங்கம் மச்சான். தோல்தான் கொஞ்சம் கழண்டு போச்சு” என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு தாங்கியின் மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“முழுக்கப் பெற்றோலோ ஊத்தினனீர்?”

“ஓம். வேறை என்னத்தை ஊத்திறது?”

மாமா மூடியை மெல்லப் பூட்டினார். அரசாங்கத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாத அத்தனை வருடங்களும் அவர் மண்ணெண்ணெயில் சைக்கிள் ஓடிய மனிதர். அங்கே பெற்றோல் என்பது கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் இருக்கும். ஸ்டார்ட் பண்ண இரண்டு சொட்டு, அவ்வளவுதான். முழுத் தாங்கிப் பெற்றோலைப் பார்த்தது அவருக்கு யாரோ பசும்பாலில் கால் கழுவுவதைப் பார்த்ததுபோல இருந்திருக்க வேண்டும்.

பின்னேரம் அப்பா தலைமயிர் வெட்டப் போன நேரம் பார்த்து மாமா வேலையைத் தொடங்கினார். ரியூப்பால் உறிஞ்சிப் பெற்றோல் முழுவதையும் வெறும் கோடியல் சர்பத் போத்தல்களில் இறக்கினார். அம்மா அடுப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைத் தாங்கியில் ஊற்றினார். நான் புனலைப் பிடித்தேன்.

“கொப்பரிட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை. நாளைக்கு ஓடினாப் பிறகு சொல்லுவம். மனுசன் சந்தோசப்படட்டும்.”

எனக்கு ஒன்பது வயது. ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அன்று காப்பாற்றினேன், அதுதான் பிழையாய்ப் போனது.

ஞாயிறு காலை சைக்கிளுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, அப்பா நல்ல வெள்ளைச் சேட்டோடு உதைக்கத் தொடங்கினார். பதினைந்தாவது உதையில் சேட்டு நனைந்தது. முப்பதாவதில் அம்மா மணிக்கூட்டைப் பார்த்து, சுபநேரம் முடிய இன்னும் ஆறு நிமிடம்தான் இருக்கிறது என்றார். அப்பா தெகிவளை மனிதரின் பரம்பரை முழுவதையும் மெல்லிய குரலில் திட்டினார்.

“விடும் மச்சான், நான் அடிக்கிறன்” என்று மாமா வந்தார். சேட்டுப் பையிலிருந்து கண் மருந்துப் போத்தலை எடுத்து, காபரேட்டருக்குள் இரண்டு சொட்டு விட்டு, உள்ளங்கையால் பொத்தி, ஒரே உதை உதைத்தார். சைக்கிள் உறுமியது. நான் கை தட்டினேன்.

பிறகு புகை வந்தது. சும்மா புகை இல்லை. வெள்ளை வெளேரென்று, கண்ணைக் கரித்துக்கொண்டு, முற்றம் நிறைந்து, மதிலேறி ஒழுங்கை முழுவதும் பரவியது. முன்வீட்டுச் சிங்கள அன்ரி யன்னல்களை அடித்துச் சாத்தினார். யாரோ குண்டு என்று கத்தினார்கள். காவலரணிலிருந்து இரண்டு ஆமிக்காரர் துவக்கோடு ஓடி வந்தார்கள்.

“அண்ணை, உள்ளை ஓடுங்கோ!” என்று அம்மா அலறினார்.

“கையை எடுத்தா நிண்டுபோம் தங்கச்சி!” என்றார் மாமா. அவர் அக்சிலேற்றரை விடவேயில்லை.

துவக்கு அவர் நெஞ்சுக்கு நேரே வந்த பிறகுதான் கையை எடுத்தார். அவர் சொன்னபடியே அது நின்றுபோனது. இளைய ஆமிக்காரன் அவருடைய பையில் கைவிட்டுக் கண் மருந்துப் போத்தலை எடுத்து மணந்தான். அவனுடைய முகம் மாறியது. பெற்றோல்! அம்மா என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். மாமாவைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று எனக்கும் விளங்கியது.

மூத்தவர் போத்தலை வாங்கிப் பார்த்தார். புகையை இரண்டு தரம் இழுத்து மணந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினார்.

“பூமிதெல்! பூமிதெல்!”

மண்ணெண்ணெய்க்குச் சிங்களம் அது. இரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் காவல் நின்றவராம். காலையில் எழும்பினால் இந்த மணம்தானாம். அப்பா அப்போதுதான் தாங்கியைத் திறந்து பார்த்தார். மாமாவைப் பார்த்தார். ஆமிக்காரர் நின்றபடியால் திட்டாமல் மூடியைப் பூட்டினார்.

மூத்தவர் மாமாவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, எந்த ஊர் என்று கேட்டார். மாமா சொன்னார். பலாலி முகாமுக்குப் பக்கத்து ஊர். ஏழு வருடத்துக்கு முன் ஊரோடு எழும்பி ஓடியவர்கள். பிறகு அங்கே போக ஒருவருக்கும் அனுமதி இல்லை.

“அங்கேதானே நான் இருந்தேன்!” என்றார் ஆமிக்காரர் சிங்களத்தில், பழைய சிநேகிதரைக் கண்டதுபோல.

அப்பா அதைத் தமிழில் சொன்னதும் மாமாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. “மச்சான், கேளும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை போற ஒழுங்கை. அந்த வீடுகள் எப்பிடி இருக்கெண்டு கேளும்.”

அப்பா கேட்டார். ஆமிக்காரர் கையை விரித்துக் காட்டிச் சாதாரணமாகவே சொன்னார். அங்கே வீடு ஒன்றும் இல்லை, எல்லாம் தள்ளி வெட்டவெளியாக்கியாயிற்று, மரம்கூட இல்லை என்றார்.

அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார். “எல்லாம் அப்பிடியே கிடக்காம் மச்சான். கூரை ஓடுதான் கொஞ்சம் போயிட்டுதாம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. முன்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிச் சிங்களத்தைத் தண்ணீர்பட்ட பாடாய் வைத்திருந்தவள் நான். அப்பாவோ வேலையிடத்தில் பழகிய கந்தோர்ச் சிங்களம்தான் கதைப்பார்.

“இல்லை மாமா, அப்பா பிழையாச் சொல்லுறார். அங்கை வீடொண்டும் இல்லையாம். எல்லாத்தையும் இடிச்சு வெளியாக்கிப்போட்டாங்களாம். மரமும் இல்லையாம்.”

“அப்பிடியோ பிள்ளை” என்றார் மாமா. பிறகு குந்தியிருந்து, ஏற்கெனவே துடைத்திருந்த தாங்கியை உடுத்திருந்த சாரத் தலைப்பால் திரும்பவும் துடைக்கத் தொடங்கினார்.

என் சிங்களம் நல்ல சிங்களம் என்று மூத்த ஆமிக்காரர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் கோபித்துக்கொண்டு மத்தியானம் சாப்பிடாமல் இருந்தேன். பதினைந்து வருடம் கொழும்பில் வேலை செய்தும் அப்பாவுக்கு ஒழுங்காகச் சிங்களம் விளங்காது என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.