ஜெரோமின் மூன்றாவது தந்தி

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து தேத்தண்ணீர் போடப் போய்விடுகிற ஆள் நான். நம்புங்கள், நம்பாமல் போங்கள், அது உங்கள் பாடு. நான் வேலை செய்வது ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். கட்டிலுக்குக் கீழே பூதம் என்று ஏதாவது ஒரு பிள்ளை அழும், நான் டோர்ச் அடித்து, பார், தூசிதான் கிடக்கிறது என்று காட்டுவேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் பட்டப்பகலில், அதுவும் மாதா கோயிலுக்குள், இது நடந்தது.

என் தம்பி ஜெரோம் எங்கள் தமிழ்ப் பூசையின் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். போன இலையுதிர்காலத்தில் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், எழும்பவில்லை. அம்மா கிட்டாரை அவன் படத்துக்குக் கீழே வைத்து மெழுகுதிரி கொளுத்தத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. வாசிக்கிற சாமானை வைத்துக் கும்பிடுவதா? பியர்பொன்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டின் பேஸ்மென்டில் பனிக்காலம் முழுக்க இருந்து, விரல் தோல் உரிய உரிய நானே பழகினேன். குழுவை நடத்தும் அன்ரன் அண்ணைக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை.

"தங்கச்சி, குருத்தோலை ஞாயிறுப் பூசைக்கு வாசிச்சுப் பாருங்கோ. சுதி பிசகினா பேந்து கீபோர்ட்டிலயே சமாளிப்பம்" என்றார்.

அதாவது ஜெரோமின் இடம் எனக்கா, இல்லை இனி யாருக்குமே இல்லையா என்பது அந்த ஒரு பூசையில் இருந்தது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். பிரெஞ்சுப் பூசை முடிந்து இடம் எங்கள் கைக்கு வந்ததும் சனம் செபமாலை சொல்லத் தொடங்கிவிடும். அது முடியும்வரை எந்த வாத்தியத்திலும் சத்தம் வரக்கூடாது. அதனால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கிட்டாரின் தலையில் சுதி காட்டும் டியூனரைக் கவ்வவிட்டு, கண்ணால் பார்த்துத்தான் சுதி சேர்ப்போம். மரம் அதிர்வதை வைத்து அது சொல்லும். பிசகியிருந்தால் முள் சிவப்பில் நிற்கும், சரி வந்தால் பச்சை, அதிர்வு நின்றால் முள் விழுந்துவிடும்.

அன்றைக்குக் காரில் குளிர்ந்துபோய் வந்த கிட்டாரில் நாலு தந்தியும் பிசகிக் கிடந்தன. தூணுக்குப் பின்னால் இருந்து மூன்றைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டேன், மூன்றாவது தந்தி மட்டும் வரமாட்டேன் என்றது. முறுக்கினால் பச்சையைத் தாண்டி ஓடும், தளர்த்தினால் பின்னால் விழும். நான் அவசரப்பட்டேன், அதுதான் காரணம், மறைக்க என்ன இருக்கிறது. வெறுத்துப்போய் நாலு தந்தியையும் உள்ளங்கையால் அமத்திப் பிடித்தேன். முள் விழவில்லை. ஒன்றும் அதிராத கிட்டாரில் அது சிவப்பில் அப்படியே நின்றது. பிறகு மெல்லப் பச்சைப் பக்கம் நகரத் தொடங்கியது. தந்தியை முறுக்கும் கீயில் இருந்த என் மற்றக் கை விரல்களுக்குள் அந்தக் கீ தானாகத் திரும்பியது. நான் திருப்பவில்லை, மாதா மேல் ஆணை.

கோயில் ஹீட்டர் அதிர்ந்திருக்கும், செபச் சத்தம் மரத்தில் ஏறியிருக்கும் என்று பிறகு என் மகள் விளக்கம் தந்தாள். முள்ளுக்கு அது காரணம் என்றே வைத்துக்கொள்வோம். கீயைத் திருப்பியது யார், ஹீட்டரா?

நான் பயந்தேன் என்று நினைக்கிறீர்களா? கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்த காலமெல்லாம் அவனுக்கு இதே வேலை. நான் கார் பார்க் பண்ணினால் ஸ்டியரிங்கில் கை வைப்பான், கோழி வெட்டினால் கத்தியைப் பறிப்பான், "விடக்கா, நான் செய்யிறன்" என்பான். செத்தும் விடமாட்டானா?

"கையை எடடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "இது நான்தான் செய்யவேணும். நீ போ."

அந்த நொடியே முள் விழுந்தது. டியூனர் வெறுமையாகக் கிடந்தது. நான் தந்தியைத் தட்டி, கீயைத் திருப்பி, ஒரே தரத்தில் பச்சைக்குக் கொண்டுவந்தேன்.

பூசையில் ஒரு பிசகும் இல்லை. முடிந்ததும் அன்ரன் அண்ணை வந்து, "உயிர்ப்பு ஞாயிறுக்கும் வாங்கோ தங்கச்சி" என்றார். இன்றுவரை அந்த இடம் என்னுடையதுதான்.

அதற்குப் பிறகு அந்தக் கீ ஒருநாளும் தானாகத் திரும்பவில்லை. பச்சை வந்த பிறகும் கொஞ்ச நேரம் விரலை அதில் வைத்துக்கொண்டு இருந்து பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. அவன் வந்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது, அவன் சுபாவம் அது. ஆனால் போ என்றதும் போய்விட்டானே. நாற்பது வருஷத்தில் ஒருநாளும் என் சொல் கேட்காதவன்.