டைனோசர் பார்க்கப் போன பெட்டிசம்

மனு மனுவாகப் பெட்டிசம் எழுதிப் பழகியவன் எந்தத் துயரத்தையும் இலக்கம் போட்டுத்தான் சொல்வான். என்னைப் போலவே கொடுத்த மனுவின் பதிலுக்குக் காத்திருந்து தலை நரைத்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒன்று: கடல் ஊருக்குள் வந்த அன்று என் ஒன்பது வயது மகள் ஸபீனா போனாள். மையித்து, அதாவது உடல், கிடைக்கவில்லை, ஆகவே இறந்தவர் பட்டியலில் சேர்க்க முடியாது என்றது அரசாங்கக் கந்தோர். இரண்டு: அலைந்து திரிந்து மரணப் பத்திரம் எடுத்துப் போனேன். பட்டியலை மூடிவிட்டோம் என்றார்கள். மூன்று: நினைவுக்கல் திறந்த அன்று அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். என் மனைவி ஹாஜரா கடைசிப் பெயர் வரைக்கும் நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றுதான் சொன்னாள்: "கல்லுல வெட்டாட்டியும் போகட்டும், ஒருக்கா வாசிச்சிருக்கலாமே."

வான் வண்டியில்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரத்தில்தான். வயல் தண்ணீருக்கு எழுதி வென்றேன், தோணித் துறைக்கு எழுதி வென்றேன். மகளின் பெயருக்கு எழுதித்தான் தோற்றேன்.

இந்த விடுமுறையில் மகன் நவாஸ் வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்தான். அவனுடைய மகள் அம்னாவுக்கு டைனோசர் காட்சிச்சாலை பார்க்க ஆசை. சம்மாந்துறை வயல்களைத் தாண்டி ஒரு வளைவில் வான் திரும்பியபோது, ஆசனத்துக்குக் கீழே நான் ஒளித்து வைத்திருந்த பெட்டிசத் தாள்களின் கோவை சறுக்கி வெளியே வந்தது. அதிலுள்ள எல்லாத் தாளிலும் தொடக்கம் ஒன்றுதான்: தகப்பன் பெயர், மகள் பெயர், வயது, ஊர், கடைசியாக உடுத்திருந்தது. போகிற வழியில் ஏதாவது கந்தோர் திறந்திருக்கும் என்பது என் கணக்கு. முன் ஆசனத்திலிருந்த நவாஸ் கண்ணாடியில் பார்த்துவிட்டான். "என்ன வாப்பா, டைனோசருக்கும் பெட்டிசம் குடுக்கப் போறீங்களா?"

ஒரு தாடை எலும்பு

மண்டபத்தின் நடுவில் வீட்டுக் கூரை உயரத்தில் ஓர் எலும்புக்கூடு. விளக்கம் சொன்ன பிள்ளை நல்ல தமிழில் கதைத்தாள். கிடைத்தது ஒரு தாடை எலும்பும் சில பற்களும்தானாம். மிச்சமெல்லாம் சாந்தில் செய்து பொருத்தியதாம்.

எனக்குக் கூட்டங்களில் பேசுகிற உரத்த குரல் வந்துவிட்டது. "முழு உடம்பு கிடைக்காமலா பேர் வச்சுப் பதிஞ்சீங்க?"

"ஓம் ஐயா, ஒரு எலும்பு இருந்தாலே போதும்."

எந்தக் கந்தோரில் இப்படிப் பதிகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். ஹாஜரா என் கையைப் பிடித்தாள். அவள் கண் அந்தத் தாடையில்தான் இருந்தது. "நமக்கு அதுவும் கிடைக்கல்லயே."

அறிவித்தல் மேசை

பிறகு விளக்குகளை அணைத்து டைனோசரை உறும விட்டார்கள். வெளிச்சம் வந்தபோது அம்னாவைக் காணவில்லை. நவாஸ் ஒரு பக்கம் ஓடினான். நான் அறிவித்தல் மேசைக்கு ஓடினேன்.

"பிள்ளைட பேரென்ன ஐயா?" என்றான் மேசையிலிருந்தவன்.

நான் யோசிக்கவில்லை. எத்தனை கந்தோர்களில் சொன்ன வாய் இது. தானாகவே சொல்லி முடித்தது. அவன் எழுதி, ஒலிவாங்கியில் வாசித்தான். "ஆதம்பாவாட மகள் ஸித்தி ஸபீனா. வயது ஒன்பது. ஊர் கல்முனை. மஞ்சள் சட்டை. கண்டவர்கள் அறிவித்தல் மேசைக்குக் கொண்டுவரவும்."

மண்டபம் முழுக்க ஆட்கள் திரும்பித் திரும்பி மஞ்சள் சட்டையைத் தேடினார்கள். அப்போதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. நீலச் சட்டை போட்ட அம்னாவை நவாஸ் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

"மூத்தாப்பா, அது செத்துப்போன மாமிட பேரெல்லா?" என்றாள் அம்னா.

மேசையிலிருந்தவன் கேட்டான்: "பிள்ளை கிடைச்சிட்டா ஐயா?"

 பின்னால் வந்த ஹாஜரா மேசையில் கையை ஊன்றினாள். "தம்பி, அந்தப் பேர இன்னொருக்கா வாசிங்களேன்."

கந்தோர்கள் இத்தனை வருடம் வாசிக்க மறுத்த பெட்டிசத்தை, ஒரு டைனோசர் மண்டபம், அதுவும் என் பிழையால், ஊர் பேர் தெரியாத அத்தனை சாட்சிகளுக்கு முன்னால் இரண்டாம் தடவையும் வாசித்தது: "ஆதம்பாவாட மகள் ஸித்தி ஸபீனா."