ஜமால் பாயின் முறை

“டீச்சர், இன்னைக்கு உங்களுக்கு எதுக்குப் பயம்?”

ஜமால் பாய் என்னிடம் இதை முதன்முதலாகக் கேட்டபோது சிரித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்தியே ஓய்வு பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவர் சிரிக்கவில்லை. பதில் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நம் படக் கம்பெனியில் அவரோடு வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் அந்தக் காத்திருப்பு தெரியும்.

போன வெள்ளிக்கிழமை காலை அவர் மகள் ஷமீமா போன் செய்தாள். “டீச்சர், அத்தா மௌத்தாயிட்டாங்க.” தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. நான் போனைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். உப்பிலியபுரத்தில் புளியமரத்தடிக் கல்லில் அவர் உட்கார்ந்திருந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாய் பாலக்கரையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். சொந்தமாக ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டார். அதற்கு ஒரு வகுப்பறை தேவைப்பட்டது. திருவெறும்பூரில் நான் வேலை பார்த்த பள்ளியைக் கேட்டு என் வீட்டுக்கு வந்தார். பள்ளி கிடைத்தது, கூடவே நானும் ஒட்டிக்கொண்டேன். கன்டினியூட்டி பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். போன ஷாட்டில் பையனின் மேல் பொத்தான் திறந்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. “முப்பது வருஷம் இதைத்தானே டீச்சர் பண்ணிக்கிட்டு இருந்தீங்க!” என்றார்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சி கொள்ளிடத்து மணலில். ஆடி மாதம். வடகரை ஓரமாக மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றில் உபரி நீர் திறக்கப் போவதாக ஊருக்குள் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் விடிந்ததுமே மணலில் இறங்கிவிட்டதால் எங்களுக்குக் கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்துக் கரையிலிருந்து ஒரு பள்ளத்தைத் தாண்டி நடு மேட்டில் கேமராவை வைத்திருந்தோம்.

ஒலிப்பதிவு செய்த செல்வம் காவிரிக் கரை ஜீயபுரத்துப் பிள்ளை. காதில் ஹெட்போன், கையில் நீளக் கழியில் கட்டிய மைக். திடீரென்று கையை உயர்த்தினான்.

“பின்னாடி ஒரு இரைச்சல் வருது சார். டேக் போக முடியாது.”

“கூட்ஸ் வண்டி பாலத்துல போகுது. போகட்டும். யாரும் மூச்சு விடாதீங்க. சைலன்ஸ்!” என்றார் இயக்குநர் பிரபு.

எல்லோரும் அசையாமல் நின்றோம். இரைச்சல் ஓய்ந்ததும் சுத்தமாக ஒரு டேக் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தோம். வகுப்பில் புகை நாற்றம் வந்தால் பிள்ளைகள் வெளியே ஓடுவார்கள். புகை போகட்டும், அப்புறம் பாடத்தைத் தொடரலாம் என்று புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நாங்கள் அப்படித்தான் நின்றோம். சினிமா எடுப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது. எந்தச் சத்தமானாலும் டேக்கைக் கெடுக்க வந்த சத்தம்தான்.

பாய் மெதுவாகச் செல்வத்தின் பக்கம் போனார். “தம்பி, மைக்கைக் கொஞ்சம் திருப்பு. எந்தப் பக்கம் அதிகமா கேக்குது?”

செல்வம் கிழக்கே திருப்பினான், உதட்டைப் பிதுக்கினான். மேற்கே திருப்பினான். அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ரயில் பாலம் எங்களுக்குக் கிழக்கே இருந்தது. ஆறு வருவது மேற்கிலிருந்து.

“கேமராவோட கரைக்கு! ஸ்டாண்டை விடு! ஓடுங்க!” என்று பாய் கத்தினார்.

வரும்போது செருப்பு நனையாமல் தாண்டிய பள்ளத்தில் பழுப்பு நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்திருந்தது. முதலில் கணுக்கால், அடுத்த எட்டில் முழங்கால். காலடியில் மணல் கரைந்து நழுவியது. எனக்கு என் பேத்தியின் முகம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் செல்வம் மேட்டிலேயே நிற்கிறான்.

“பாய், எனக்கு நீச்சல் தெரியாது பாய்!”

“ஜீயபுரத்துக்காரன்தானேடா நீ!” என்று பிரபு தண்ணீரிலிருந்து கத்தினார்.

“அதை அப்புறம் திட்டிக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே பாய் திரும்பிப் போனார். “என் பெல்ட்டைப் பிடிச்சுக்க. தண்ணியைப் பாக்காதே, என் முதுகைப் பாரு.”

இருவரும் கரை ஏறும்போது இடுப்புக்கு மேல் தண்ணீர். நாங்கள் நின்றிருந்த மேடு சிறிது நேரத்தில் காணாமல் போயிற்று. சாம்பார் கேரியர் சுழன்று சுழன்று பாலத்தை நோக்கிப் போவதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாய் ஒரு டீ கிளாஸைச் செல்வத்திடம் நீட்டினார். “நீச்சல் தெரியாதுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா?”

“யாரும் கேக்கலையே பாய்” என்றான் செல்வம்.

அடுத்த படப்பிடிப்பு நாளிலிருந்துதான் அந்தக் கேள்வி தொடங்கியது. கேமராவைத் தொடுவதற்கு முன் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். இன்றைக்கு எதற்குப் பயம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். செல்வம் முதலில், பாய் கடைசியில். முதலில் ஒரே ஜமுக்காளத்தில் எல்லோரும் அடங்கினோம். பிறகு கம்பெனி வளர்ந்தது. ஸ்ரீரங்கத்தில் அலுவலகம், சொந்த ஒலிப்பதிவு அறை, சமையல் வண்டி, சென்னையிலிருந்து ஆட்கள். வட்டம் பெரிதாகப் பெரிதாக முணுமுணுப்பும் வளர்ந்தது.

“ஷூட்டிங் நடத்துறீங்களா, பேய் ஓட்டுறீங்களா பாய்?” என்று சென்னையிலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் கேட்டார்.

“பேயை ஓட்டிட்டுத்தான் தம்பி கேமராவைத் தூக்குவோம். சொல்லுங்க, உங்களுக்கு எதுக்குப் பயம்?”

அவர் சிரித்தார். பாய் காத்திருந்தார். சிரிப்பு அடங்கிய பிறகு, உயரத்தில் நின்றால் தலை சுற்றும் என்று அந்த மனிதர் தரையைப் பார்த்துச் சொன்னார். அன்று தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து எடுக்க வேண்டிய காட்சி. பாய் அதைக் கீழிருந்து எடுக்கச் சொன்னார். “பயம் இருக்கிறது தப்பில்ல. அது எந்தப் பக்கத்துலேந்து வருதுன்னு தெரியாம நிக்கிறதுதான் தப்பு” என்பார்.

இனி உப்பிலியபுரம். பாய் இறப்பதற்குச் சில நாள் முன்பு, புதிய படத்துக்கு இடம் பார்க்க அங்கே போனோம். வழக்கம்போலப் புளியமரத்தடியில் வட்டம். மலைப்பாதையில் வண்டி, குளவிக்கூடு, மழை என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். ஒரு கல்லில் உட்கார்ந்திருந்த பாய் அடிக்கடி இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை வருவதற்குள், “வெளிச்சம் போகுது, கிளம்பலாம்” என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

“என் முறைதானே, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று எழுந்தார். யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. கடைசி ஆளிடம் வருவதற்குள் வெளிச்சம் போகும், அல்லது வண்டி வரும், அல்லது சாப்பாடு வரும். அவர் முறை வந்தாலும், “உங்களையெல்லாம் நினைச்சாத்தான் பயம்” என்று சிரிக்க வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

பாயின் உடலைச் சுமந்துகொண்டு ஜனாஸா புறப்பட்ட பிறகு செல்வம் என் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கு இப்போது மீசையில் நரை. “பாய் கொஞ்ச நாளா மாடிப்படியில நின்னு நின்னுதான் ஏறுனாராம், ஷமீமா சொல்லுது” என்றான். அப்புறம், “கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு டீச்சர். நாம யாரும் கேக்கலையே” என்றான். கொள்ளிடக் கரையில் கேட்ட அதே குரல்.

அந்தப் புதிய படத்தை ஷமீமா தொடரப் போகிறாள். அடுத்த வாரம் மலையில் முதல் நாள். இதுவரை இல்லாத அளவு பெரிய கூட்டம். பாதிப்பேருக்கு அவரைத் தெரியாது. அந்த வட்டத்தை வீண் வேலை என்று யாராவது கலைத்துவிடுவார்களோ, இரைச்சல் வரும்போது மறுபடியும் அசையாமல் நிற்போமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஷமீமா வட்டத்தில் உட்காருவேன் என்கிறாள். அவளை முதலில் பேசச் சொல்லியிருக்கிறேன். கடைசியில் உட்கார விடமாட்டேன்.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியை அல்ல. கேட்டுவிட்டு அவர் உட்கார்ந்திருந்த அந்தக் காத்திருப்பை.

உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ எல்லோரையும் விசாரிக்கிற ஒருவர் இருப்பார். இன்று அவரிடம் போய், “உங்களுக்கு எதுக்குப் பயம்?” என்று கேளுங்கள். அவர் சிரித்தால், சிரிப்பு அடங்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.