தூக்கத்தில் பாடம் சொன்னவள்

விடுதியில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வகுப்பில் ஆஜர் சொல்வதோடு சரி. டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை தூங்கினால் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு வரைமுறை வேண்டாமா? துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனவள் தண்ணீர்த் தொட்டி நிழலில் தூங்குவாள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவ நிற்கும்போதே சுவரில் சாய்ந்து கண் சொக்கிவிடுவாள். பின்னால் நிற்பவள்தான் தோளைத் தட்டி நகர்த்த வேண்டும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. காலை முழுவதும் டிஸெக்‌ஷன் ஹாலில் பிணத்தைச் சுற்றி நின்று கால் கடுத்துப்போகும். முடியெல்லாம் பிணம் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் வாடை. அறைக்கு வந்து இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, ஈரத்தலையோடு கட்டிலில் விழுவாள். மூன்றாவது மாடி அது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், அதன் இலை நிழல் மத்தியான வெயிலில் அறைச் சுவரில் மெல்ல ஆடும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், கட்டில் மிதக்கத் தொடங்கும்.

பிறகு அந்தக் கனவு வரும். கனவில் அவள் ஒரு கைக்குள்ளே நடந்து போவாள். பயமாகவே இருக்காது. விடுதி வராந்தா போலவே நீளமான, மங்கலான வழி. இரண்டு பக்கமும் தசைகள் கதவு கதவாகத் திறந்துகொள்ளும். சுவர் ஓரமாக ஒரு நரம்பு கூடவே வரும். அதன் மேல் விரலை வைத்தபடி போனால் போதும், வழி தவறாது. முழங்கை எலும்பு மேடு வரும் இடத்தில் தலையைக் குனிந்து தாண்டுவாள். அப்பால் விரல்கள் ஐந்தும் ஐந்து சந்துகளாகப் பிரியும். எந்தச் சந்துக்கு எந்த நரம்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஒரு நிம்மதி அவளுக்கு விழித்திருக்கும்போது வாய்த்ததே இல்லை.

விழித்திருக்கும்போதுதான் வினையே. எழுத்துத் தேர்வில் உடற்கூறியலில் நல்ல மார்க். வாய்மொழித் தேர்வில், அதுதான் வைவாவில், ஃபெயில். எதிரில் உட்கார்ந்த பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கருங்கல். முகத்தில் ஒரு அசைவு இருக்காது. அவர் கேள்வி கேட்டதும் இவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தெரியும், எல்லாம் தெரியும், தொண்டைக்குழி வரை வந்து நிற்கிறது. வெளியே வந்தால்தானே? மறுபடி ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். அதையும் கோட்டைவிட்டால் ஒரு வருடம் போச்சு. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரியை ஒட்டிய விடுதிக் கட்டடத்துக்கு மாறிவிடுவார்கள், இவள் மட்டும் இதே அறையில் புதிதாக வரும் பிள்ளைகளோடு கிடக்க வேண்டும். 

அறைத்தோழி ஒருத்தி உண்டு. ஆள் ஊசி போல இருப்பாள், சத்தமாக வாய்விட்டுப் படிப்பாள், காதோரம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அவளுக்குப் பெயர் கொசு. ஒரு நாள் மத்தியானம் கொசு வழக்கம்போலக் கத்திப் படித்தபடி, ஓரிடத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இந்தச் சனியன் பிடிச்ச நரம்பு முழங்கைகிட்ட வந்துட்டு எங்கதான் போகுது?" என்று புத்தகத்தைத் திட்டினாள்.

"எலும்புக்குப் பின்னால போகுது" என்றது பக்கத்துக் கட்டில். "முழங்கைய இடிச்சுக்கிட்டா சுள்ளுனு ஷாக் அடிக்குமே, அந்த இடம். அங்கேருந்து நேரா சுண்டுவிரலுக்கு. பக்கத்து விரல்ல பாதி."

கொசு திரும்பிப் பார்த்தாள். தூங்குமூஞ்சி வாயைப் பிளந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கொசுவுக்கு ஒரு கணம் மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் புத்தி வேலை செய்தது, அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்கும் பதில் வந்தது.

இப்படி ஒரு விஷயம் பெண்கள் விடுதியில் எத்தனை நாள் மறைந்திருக்கும்? ஒரு வாரத்தில் மாடி முழுக்கப் பரவிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருத்தியாகப் பூனை நடை நடந்து வந்து, கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். செருப்பு வாசலில். ஒருத்தி கேட்பாள், தூங்குகிறவள் சொல்வாள், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். சம்பளம் வாங்கும் வாத்தியார் இத்தனை அழகாகச் சொன்னதில்லை என்று அவர்களுக்குள் பேச்சு. இவளிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. சொன்னால் கூச்சப்பட்டுத் தூக்கமே போய்விடுமோ என்று பயம், சுயநலம் பிடித்த கழுதைகள்.

ஒரு நாள் யாரோ தும்மிவிட்டாள். கண்ணைத் திறந்தால் சுற்றிலும் தலைகள். தூங்குமூஞ்சி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"என்னடி இது? எனக்கு என்ன ஆச்சு?"

"உனக்கு ஒண்ணும் ஆகல, எங்களுக்குத்தான் பாடம் பாதியில நின்னுபோச்சு" என்றாள் கொசு.

விஷயம் தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. "அப்ப என்னைத் தூங்க வச்சு வைவா எடுக்கச் சொல்லுங்க அந்தக் கருங்கல்ல" என்று சொல்லிக்கொண்டே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மற்றவர்கள் சங்கடத்தோடு செருப்பைத் தேடினார்கள்.

எல்லோரும் போனபிறகு கொசு தன் போனை எடுத்தாள். "கோவிச்சுக்காத, கொஞ்சம் ரெக்கார்ட் பண்ணேன். கேளு, உன் குரல்தான்."

கேட்டாள். தன் குரலா இது? எவ்வளவு நிதானம். கொசுவின் கேள்வி வருகிறது.  கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு அந்தக் குரல் சொல்கிறது: "இருங்கப்பா, சொல்றேன். அவசரப்படுத்தாதீங்க." அதற்கு அப்புறம்தான் பதில், தண்ணீர் ஓடுகிற மாதிரி. அடுத்த கேள்விக்கும் அப்படியே. "இருங்கப்பா, சொல்றேன்."

"ஒவ்வொரு தடவையும் உங்க அப்பாகிட்டதான் பேசுற" என்றாள் கொசு.

தூங்குமூஞ்சி அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள். அவளுடைய அப்பா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். கண்ணாடித் துளைக்கு அந்தப் பக்கம் எப்போதும் கூட்டம். எந்த ஊர், எத்தனை பேர், சில்லறை இருக்கா, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த பேச்சு. வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். "என்ன வேணும்? டக்குனு சொல்லு" என்பார், இவளுக்குப் பின்னால் வரிசையில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் நின்றுகொண்டிருக்கும். பாசத்துக்குக் குறைவில்லை, பொறுமைக்குத்தான் பஞ்சம். வைவா முடிவு வந்த அன்றும் போனில், "பாஸா ஃபெயிலா, ஒரே வார்த்தைல சொல்லு" என்றார். சொன்னாள். "சரி விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒரு தடவையாவது அவரிடம் இருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. தூக்கத்தில் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அது தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு லேசானது போலவும் இருந்தது.

மறுதேர்வு அன்று கருங்கல் பச்சைத் துணி விரித்த மேஜையிலிருந்து ஒரு எலும்பை எடுத்து அவள் கையில் வைத்தார். தோள்பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்குமே, காறை எலும்பு, அது.

"எந்தப் பக்கத்து எலும்பு?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. பழைய கதை. அவர் பக்கத்தில் தேர்வெடுக்க உட்கார்ந்திருந்த இன்னொரு ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளங்கை ஈரத்தில் எலும்பு வழுக்கியது.

"கொஞ்சம் இருங்க சார். சொல்றேன்."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே திக்கென்றது. கருங்கல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மெதுவா சொல்லும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் செத்தாள்? கண்ணை மூடி எலும்பைத் தடவினாள். மங்கலான அந்த வழி, பகல் வெளிச்சத்திலேயே, மெல்லத் திறந்தது. தட்டையான முனை தோள் பக்கம். உருண்ட முனை நெஞ்சுப் பக்கம். பள்ளம் கீழே. நெஞ்சுப் பக்கத்து வளைவு முன்னால் புடைத்திருக்கிறது. "வலது பக்கம் சார்" என்றாள். அதோடு நிற்கவில்லை. எங்கே உடையும், ஏன் அங்கே உடையும், உடைந்தால் தோள் ஏன் தொங்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் கருங்கல்லே கையைக் காட்டி, "போதும்மா, வெளிய இன்னும் ஆளுங்க நிக்கிறாங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

சாயங்காலம் துறை கிளார்க் வாசலில் நின்று தேறியவர்களைப் படித்தார். அவள் பெயரும் வந்தது. கொசு அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதே அப்பாவின் போன். வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆளே இல்லை. பின்னால் ரயில் அறிவிப்பும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன.

"என்னம்மா, பாஸா ஃபெயிலா? டக்குனு சொல்லு."

ஒரே வார்த்தைதான். நுனி நாக்கில் இருந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"இருங்கப்பா, சொல்றேன். மொதல்லேருந்து சொல்லணும்."

அந்தப் பக்கம் யாரோ கண்ணாடியில் நாணயத்தால் தட்டும் சத்தம். "சார், வண்டி வந்துடும் சார்" என்று ஒரு குரல். இதோ, வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தாள். 

"பக்கத்து கவுன்ட்டருக்குப் போங்க" என்றார் அப்பா, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு. "எம்பொண்ணு பேசிட்டிருக்கா."

கவுன்ட்டர் கதவுப்பலகை இறங்கும் சத்தம் கேட்டது. கூட்டத்தின் இரைச்சல் தூரமாகப் போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தமும் வந்தது.

"ம். சொல்லும்மா."

அவள் காலையில் எழுந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.